தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர்: உண்ணல் கோளாறு உள்ள துணைநாடியோடு முதல் மாதங்கள்

திருகோணமலையில் உளவளத்துணை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மனச்சோர்வுக்கும் குடிக்கும் குடும்பச் சண்டைக்கும் ஓரளவு தயாராகத்தான் வருகிறார்கள். சாப்பிட மறுக்கிற பிள்ளையோ, சாப்பிட்டதை இரகசியமாக வாந்தி எடுக்கிற பிள்ளையோ வந்து முன்னால் இருந்தால்தான் தடுமாறிப் போகிறார்கள். “இது வெளிநாட்டு ஆக்களுக்கு வாற வருத்தம் இல்லையா மிஸ்?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இங்கேயும் வருகிறது. வரும்போது வேறு பெயர்களில் வருகிறது: காஸ்ட்ரைட்டிஸ், ஏ.எல் சோதனைப் பயம், விரதம், கண்ணூறு, செய்வினை. அந்தப் பெயர்கள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் ஆராவது பிள்ளையை உங்களிடம் கூட்டி வருவார்கள். அதற்குள் ஐந்தாறு கிலோ போயிருக்கும்.

அப்படியான முதல் துணைநாடியை, அதாவது உளவளத்துணை தேடி வருகிற ஆளை, சந்திக்கப்போகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். சிகிச்சை முறைகளைப் பயிற்சியில் படிப்பீர்கள். உங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையில் என்ன நடக்கும், அதில் பிணைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பிழை விட்டது அந்த இடத்தில்தான். இதில் வருகிறவர்களைப் பலருடைய கதையைக் கலந்து, இடமும் வயதும் மாற்றி எழுதியிருக்கிறேன்.

முதலில் உடம்பு

மருத்துவர் பார்க்காத ஆளோடு கதைக்கத் தொடங்க வேண்டாம். முதல் சந்திப்புக்கு முன்னரோ அதே கிழமையிலோ மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு மூலமாகவோ, உங்கள் பகுதி உளநல மருத்துவ உத்தியோகத்தர் மூலமாகவோ நாடித்துடிப்பு, படுத்தும் எழுந்து நின்றும் எடுத்த இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., இரத்தத்தில் பொட்டாசியம், பொஸ்பேட், சீனி எல்லாம் பார்த்திருக்க வேண்டும். வாந்தி எடுப்பவரும் பேதி மருந்து பாவிப்பவரும் பார்வைக்கு நல்ல உடம்போடு இருப்பார்கள். பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு குழம்பிப்போகிற ஆபத்து அவர்களுக்கும் உண்டு. ஆளின் மெலிவை மட்டும் வைத்து “இவவுக்கு ஒண்டும் இல்லை” என்று முடிவு கட்டாதீர்கள்.

உங்கள் அறையிலேயே கவனிக்க வேண்டியவை: மயங்கி விழுந்திருக்கிறாரா, குந்தியிருந்து கையை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா, தண்ணீர்கூட வேண்டாம் என்கிறாரா, விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 40இற்குக் கீழே இருக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குக் கதை கிடையாது, ஆஸ்பத்திரிதான். அம்புலன்ஸுக்கு 1990. சாக வேண்டும் என்ற எண்ணம் வெளிப்பட்டால் உளநலப் பிரிவுக்கு அன்றைக்கே அறிவியுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை வீட்டாருக்கும் எழுதிக் கொடுங்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பாசத்தில் ஒரேயடியாகச் சாப்பாடு ஊட்டுவதும் ஆபத்து, பொஸ்பேட் சட்டென்று இறங்கிவிடும். எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உடம்பை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். மனமும் உடம்பும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். மாதங்கள் போகப் போகச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், சின்ன விசயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். ஆகவே பட்டினி கிடக்கிற ஒரு பிள்ளை உங்களைக் கண்டு முகத்தைத் திருப்பினால் அது சுபாவமா பசியா என்று முதல் மாதத்தில் சொல்ல முடியாது. கொஞ்சம் நிறை ஏறிய பிறகு ஆளே வேறு மாதிரி இருப்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

பிணைப்பு என்பது என்ன

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டச்பே கடற்கரையில் போய் இருங்கள். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அம்மா மணலில், குடும்பத்துச் செருப்புகளுக்குக் காவலாக இருப்பா. பிள்ளை தண்ணீரை நோக்கி ஓடும், ஐந்தடி போய்த் திரும்பிப் பார்க்கும். அம்மா இருக்கிறா. இன்னும் ஐந்தடி. அலை காலில் பட்டதும் கத்திக்கொண்டு ஓடிவந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைக்கும். அரை நிமிடந்தான், பிறகு திரும்பவும் தண்ணீருக்கு. இங்கிலாந்து மனநல மருத்துவர் ஜோன் போல்பி பிணைப்பு என்று எழுதியது இந்த ஓட்டத்தைத்தான். தூரம் போகிற துணிவு, திரும்பி வர ஓர் ஆள் இருக்கிறது என்ற நிச்சயத்திலிருந்து வருகிறது.

மேரி எயின்ஸ்வேர்த் உகண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் அவர்களுடைய வீடுகளில் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் போல்ட்டிமோரில், தாய் அறையை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது ஒரு வயதுக் குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தார். சில குழந்தைகள் அழுது, தாய் வந்ததும் ஆறிவிட்டன. சில, தாய் வந்த பிறகும் ஆறாமல் ஒட்டிக்கொண்டும் அடித்துக்கொண்டும் இருந்தன. சில, தாய் போனதும் வந்ததும் தெரியாதது போல விளையாட்டுச் சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவை கவலைப்படாத குழந்தைகள் அல்ல. இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது உள்ளே பதற்றம் இருந்தது, முகத்தில்தான் இல்லை. பின்னாளில் மேரி மெயினும் ஜூடித் சொலமனும் நாலாவது வகையைச் சேர்த்தார்கள்: தாயிடம் போவதா, தாயை விட்டு ஓடுவதா என்று தெரியாமல் நடுவில் உறைந்து நிற்கிற குழந்தை.

பாதுகாப்பு, பதற்றம், தவிர்ப்பு, சிதறல். உண்ணல் கோளாறு உள்ளவர்களிடம் பின் மூன்றும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதை வைத்துத் தாயின் வளர்ப்புப் பிழை என்று தாவிவிடாதீர்கள். இந்த வருத்தத்தில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. பாதுகாப்பான பிணைப்போடு வளர்ந்தவர்களுக்கும் அனோரெக்சியா, அதாவது நிறை ஏறும் பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கி மெலிகிற வருத்தம், வருகிறது. கோப்பின் முதல் பக்கத்தில் “தவிர்ப்பு வகை” என்று சிவப்பு மையில் எழுதி வைக்கிற பழக்கமும் வேண்டாம். ஒரே ஆள் அம்மாவிடம் ஒரு மாதிரியும், உங்களிடம் வேறு மாதிரியும் இருப்பார்.

அறைக்குள் அது எப்படித் தெரியும்

தவிர்ப்பவரைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். நேரத்துக்கு வருவார், மரியாதையாக இருப்பார், அழமாட்டார். “எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை மிஸ், அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தவ.” சுகமான துணைநாடி என்று நினைப்பீர்கள். நாலாம் கிழமை வரமாட்டார். கனடாவில் ஜோர்ஜியோ தஸ்காவும் கூட்டாளிகளும் கட்டுப்பாடில்லாமல் உண்ணும் கோளாறு உள்ளவர்களோடு செய்த குழுச் சிகிச்சை ஆய்வில், அறிவு நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பார்க்கிற முறை) நடந்த குழுவை இடையில் விட்டுப்போனதற்கும் இந்தத் தவிர்ப்புக்கும் தொடர்பு தெரிந்தது.

இவரிடம் அன்பைக் கூட்டினால் இன்னும் தூரம் போவார். நேருக்கு நேர் கதிரையைப் போடாமல் மேசையின் ஒரே பக்கத்தில் இருங்கள், இருவரும் பார்க்க ஒரு தாள் இருக்கட்டும். “உங்களுக்கு எப்பிடி இருந்தது?” என்று தொடங்காமல், “நேற்றுப் பின்னேரம் மூண்டு மணிக்கு எங்க நிண்டீங்க, கடைசியா என்ன சாப்பிட்டிருந்தீங்க?” என்று கேளுங்கள். விபரத்துக்குப் பதில் சொல்வார், விபரத்துக்குப் பின்னால் மெல்ல மெல்ல மற்றதும் வரும். வராமல் விட்ட அன்று ஒரேயொரு செய்தி போதும்: “வியாழன் மூண்டு மணி உங்கட நேரம் அப்பிடியே இருக்கு.” ஏச்சும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அடுத்த வியாழன் அந்த நேரத்தில் உண்மையாகவே அறையில் இருங்கள். கதவு திறந்திருந்ததா என்று பார்ப்பதற்காக மட்டும் ரோட்டால் போன ஒருவரை எனக்குத் தெரியும். மூன்றாவது கிழமை உள்ளே வந்தார்.

பதற்றம் உள்ளவர் மறுபக்கம். முதல் கிழமையே “மிஸ் மாதிரி ஒருத்தரும் என்னை விளங்கிக்கொண்டதில்லை” என்பார். இரவு பதினொன்றுக்கு வட்ஸப்பில் குரல் செய்திகள் வரும். ஒரு மாதம் எல்லாம் நன்றாகப் போகும், “உங்களுக்காகத்தான் சாப்பிட்டன்” என்பார். நீங்கள் சித்திரை வருசத்துக்கு ஊருக்குப் போய்வந்து பார்த்தால் வாந்தி திரும்பத் தொடங்கியிருக்கும். உங்களுக்காகச் சாப்பிடுகிற சாப்பாடு நீங்கள் இல்லாத கிழமையில் தொண்டையால் இறங்காது. ஆகவே அந்த வார்த்தை வருகிற அன்றைக்கே, “சாப்பிட்டதைக் கேக்க எனக்குச் சந்தோசம். நான் லீவில நிக்கிற கிழமை அந்தச் சாப்பாட்டை என்னெண்டு சாப்பிடப்போறீங்க எண்டு இப்பவே யோசிப்பமா?” என்று எடுங்கள். எந்த நேரத்தில் செய்தி அனுப்பலாம், எப்போது பதில் வரும், அவசரத்துக்கு எங்கே போவது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுங்கள். லீவுத் திகதிகளை முந்தியே சொல்லுங்கள். அழுகிறார் என்று மணித்தியாலத்தைத் தாண்டி இருக்க விட்டால், அடுத்த கிழமை நேரத்துக்கு முடிக்கும்போது அது கைவிடல் போலப் படும்.

சிதறிய பிணைப்பு உள்ளவர்களின் பின்னால் பெரும்பாலும் பெரிய பயம் ஒன்று இருக்கும். போர், 2004 டிசம்பர் 26 சுனாமி, வீட்டுக்குள் நடந்தது. சாப்பாடு ஒரு ஒழுங்குக்கு வருமுன் அந்த நினைவுகளைத் தோண்டாதீர்கள். கதவு எந்தப் பக்கம், கதிரை எந்தப் பக்கம், இன்றைக்கு என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். மனநல மருத்துவரோடு சேர்ந்தே பாருங்கள்.

நிறுப்பதும் உறவுதான்

நான் ஆரம்பத்தில் பார்த்த ஒரு பிள்ளை, உவர்மலைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏ.எல் முதலாம் வருடம். நன்றாகக் கதைப்பாள். முதலில் உறவு, பிறகு சாப்பாடு என்று நான் நினைத்தேன். தராசை எடுத்தால் என்னை நம்பமாட்டாள், வராமல் விட்டுவிடுவாள் என்று பயந்தேன். ஏழு கிழமை அவளுடைய கவிதை, சிநேகிதிகள், அப்பாவின் கோபம் எல்லாம் கதைத்தோம். எட்டாம் கிழமை, வைகாசி வெயிலில் மின்விசிறி சுடுகாற்றை வீசிக்கொண்டிருக்க, கம்பளி ஸ்வெட்டரைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்து இருந்தாள். கைவிரல் நுனிகள் நீலம் பாய்ந்திருந்தன. அன்றைக்கே வாட்டில் சேர்த்தோம். மாதங்கள் கழித்து அவள் சொன்னது: “நீங்க தராசை எடுக்காம விட்டதில உங்களுக்கும் பயம் எண்டு எனக்குத் தெரிஞ்சிட்டுது மிஸ். அப்ப ஆர் என்னைப் பிடிக்கிறது எண்டு நினைச்சன்.”

சிகிச்சை உறவை எட்வர்ட் போர்டின் 1979இல் மூன்றாகப் பிரித்தார்: எங்கே போகிறோம் என்ற உடன்பாடு, அதற்கு என்ன வேலை செய்யப்போகிறோம் என்ற உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பாசம். எனக்கு அன்று மூன்றாவது மட்டும் இருந்தது. இந்தக் கோளாறில், தொடக்கக் கிழமைகளிலேயே சாப்பாடு கொஞ்சம் சீராகி அறிகுறி குறைந்தவர்களிடம் பிறகு உறவும் வலுவாக இருப்பதை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். உறவு வளரட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் உறவும் வளராது என்பதைத்தான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் செய்வது இது. கிழமைக்கு ஒருமுறை, சந்திப்பின் தொடக்கத்தில், அதே தராசு, செருப்பும் பாரமான உடுப்பும் இல்லாமல். இலக்கத்தை இருவரும் பார்த்து வரைபடத்தில் அவரே புள்ளி வைப்பார். அந்த நேரத்தில் நான் பேசமாட்டேன். “நல்லம்” என்று சொன்னால், அனோரெக்சியா உள்ளவரின் காதில் “கொழுத்திட்டாய்” என்று விழும். “ஐயோ” என்றால் அடுத்த கிழமை தண்ணீரைக் குடித்துவிட்டு வருவார். முகத்தையும் அடக்கிப் பழக வேண்டும், கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினாலும் பரவாயில்லை. அவர் முதலில் வாய் திறக்கட்டும். பிறகு, ஒரு புள்ளி ஒன்றும் சொல்லாது, நாலு கிழமைப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்ப்போம் என்று மட்டும் சொல்வேன்.

அதன் பின் சாப்பாட்டுக் குறிப்பேடு. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டோ மூன்றோ சிறுதீன், நாலு மணித்தியாலத்துக்கு மேல் வயிறு வெறுமையாக இருக்கக் கூடாது. கிறிஸ்தோபர் ஃபெயர்பேர்ன் அமைத்த அறிவு நடத்தைச் சிகிச்சையின் அடித்தளமே இந்த ஒழுங்குதான். வெளிநாட்டுப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். இடியப்பம், சொதி, சூடை மீன் குழம்பு, பத்து மணிக்குப் பணிஸ், நாலு மணிக்குப் பால் தேத்தண்ணி. அந்த வீட்டுக் குசினியில் உள்ளதை வைத்து எழுதுங்கள்.

வீட்டார்

நம்முடைய வீடுகளில் ஆரும் “உன்னில எனக்குப் பாசம்” என்று சொல்வதில்லை. “சாப்பிட்டியோ?” என்று கேட்பார்கள். பிள்ளை தட்டைத் தள்ளிவைத்தால் அம்மாவுக்கு அது சோற்றை மறுத்தது அல்ல, தன்னை மறுத்தது. அதனால்தான் அந்த மேசையில் அத்தனை கண்ணீர். இதை அம்மாவிடம் விளங்கப்படுத்தினாலே பாதிச் சண்டை குறையும். ஒரு தாய் கிண்ணியாவிலிருந்து தயிர்ச் சட்டி ஒன்றைத் துணியால் கட்டி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து எனக்குத் தந்தா. மகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுத்தால் ஒன்று, வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் இன்னொன்று. வாங்கி, மூன்று பேருக்கும் ஊற்றிச் சாப்பிட்டோம். மகள் இரண்டு கரண்டி சாப்பிட்டாள், நான் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் இது சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்குச் சரி வந்தது.

பதின்ம வயதுப் பிள்ளையின் அனோரெக்சியாவுக்கு, இலண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியில் உருவான குடும்ப முறையை முதலில் யோசியுங்கள். அதில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோர் தற்காலிகமாகக் கையில் எடுப்பார்கள், ஆருடைய பிழை என்ற கேள்வியே கிடையாது. தாயைக் குற்றவாளியாக்கி அனுப்பிவிட்டு, அதே தாயிடம் தட்டைக் கொடுக்க முடியாது. மூதூர், கிண்ணியாப் பக்கங்களில் உம்மா மத்திய கிழக்கில் வேலைக்குப் போக உம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகள் வருவார்கள். அப்போது உம்மம்மாதான் வந்து இருக்க வேண்டும். உம்மாவை வீடியோ அழைப்பில் சேர்க்கலாம். ஆனால் கையில் தட்டு உள்ளவரை முதலில் பாருங்கள்.

விரதத்தைப் பற்றி. கந்தசஷ்டி ஆறு நாளும் இளநீரோடு இருக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் ஊரே மெச்சும். அது பக்தியா வருத்தமா என்று கேட்டால் ஆரும் சொல்லமாட்டார்கள். நான் பாறணையை, விரதம் முடிக்கிற சாப்பாட்டை, பற்றிக் கேட்பேன். விரதம் பிடிப்பவர் பாறணைச் சோற்றை எதிர்பார்த்து இருப்பார், என்னென்ன கறி என்றும் சொல்லுவார். வருத்தம் உள்ளவருக்கு அந்த நாள்தான் பயங்கரம், அதைத் தள்ளிப்போட இன்னொரு விரதம் தேடுவார். நோன்பு காலத்தில் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதை, வீட்டில் மதிப்புள்ள ஒருவர் வாயால் சொல்லவைப்பது உங்கள் பிரசங்கத்தைவிட நல்லது.

பிசகினால்

பிசகும். ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துவிடுவீர்கள். “இண்டைக்கு முகம் தெளிவா இருக்கு” என்று பாசத்தில் சொல்லிவிடுவீர்கள், அது கன்னம் ஊதியிருக்கு என்று போய்ச் சேரும். பதற்றம் உள்ளவர் கோபப்படுவார். தவிர்ப்பவர் “பரவாயில்லை மிஸ்” என்று சொல்லி அடுத்த சாப்பாட்டைத் தவறவிடுவார். பின்னதுதான் ஆபத்து, வெளியே சத்தம் வராது. குறிப்பேட்டில் திடீரென்று வெறும் பக்கம் இருந்தால், முந்தின சந்திப்பில் நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு நீங்களே எடுங்கள்: “போன கிழமை நான் முகத்தைப் பற்றிச் சொன்னன். அது உங்களுக்குக் குத்தினதா?” விளக்கம் கொடுக்காமல் கேட்டுக்கொண்டு இருங்கள். பிழையை ஒப்புக்கொள்கிற பெரிய ஆளை அந்தப் பிள்ளை அதற்கு முன் கண்டிருக்காமலும் இருக்கலாம்.

உங்களுடைய பிணைப்பும் அறையில் இருக்கும். ஆராவது ஒதுங்கினால் துரத்துகிறவரா, ஒட்டினால் விலகுகிறவரா நீங்கள்? மேற்பார்வையாளரிடம் மாதம் ஒருமுறையாவது இதைக் கதையுங்கள். ஊர் சின்னது. பத்திரகாளி அம்மன் வாசலில் துணைநாடியைக் காண்பீர்கள். கண்டால் யார் முதலில் சிரிப்பது என்பதையும் அறையிலேயே பேசி வையுங்கள்.

இடமாற்றம்

அரச வேலையில் இருந்தால் ஒருநாள் இடமாற்றக் கடிதம் வரும். சிகிச்சை முடிகிற நேரத்துக்கும் கடிதம் வருகிற நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. கடிதம் கிடைத்த கிழமையே துணைநாடிக்குச் சொல்லுங்கள். குறைந்தது நாலு சந்திப்பாவது அதற்கென்று வேண்டும். அடுத்தவரை அதே அறைக்குக் கூப்பிட்டு ஒரு சந்திப்பையாவது மூவருமாக நடத்துங்கள். ஒப்படைக்கும் குறிப்பைத் துணைநாடிக்குத் தெரியாமல் எழுத வேண்டாம்.

நான் ஓர் இடத்திலிருந்து மாறிப்போனபோது, அறைக்குள் அதிகம் பேசாத ஒருத்தி, தராசிலிருந்து இறங்கிக்கொண்டே கேட்டாள்: “புதுசா வாற மிஸ்ஸும் நிறுக்கேக்க பேசாம நிப்பாவோ?” குறிப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். “நிறுக்கும்போது எதுவும் சொல்ல வேண்டாம்” என்று எழுதியிருந்தேன். வாசித்துவிட்டுப் பேனையைக் கேட்டாள். “நிறுக்கும்போது” என்பதை வெட்டாமல், பக்கத்தில் சின்ன எழுத்தில், “நிறுத்து முடிஞ்சு ஒரு நிமிசமும்” என்று சேர்த்தாள்.